பதினாறாம் பிளாக் முகவரியைக் காலி செய்த நாள்

2016-ஆம் ஆண்டு ஜூன் 19, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். கத்திரி முடிந்து மூன்று வாரமாகியும் வெயில் இறங்கவில்லை. சுரங்கத்து மண்மேடுகளுக்கு மேல் கருமேகம் கூடிக் கொஞ்ச நேரம் நின்றது. ஒரு சொட்டும் போடாமல் கலைந்து போய்விட்டது. நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, வடக்குத்தில் நாங்கள் கட்டிக்கொண்ட சிறிய வீட்டில் கணினி முன்னால் உட்கார்ந்து, என் மனைவியின் இணையதளத்தைப் பழைய முகவரியிலிருந்து புது முகவரிக்கு மாற்றும் வேலையின் கடைசி இரண்டு படிகளை முடித்தேன். முடிக்கும்போது மணி மூன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டு நிமிட வேலை.

நிமிடக் கணக்கெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். சுரங்கத்தின் ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்தவன் நான். போல்ட், நட், பேரிங், கன்வேயர் உருளை என்று உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணி எழுதியே பிழைத்தேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. எங்கள் மாடிப்படி பதினேழு. வாசலிலிருந்து பால் வாங்கும் கடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. ஒன்று குறைந்தாலும் கூடினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் மனைவி குள்ளஞ்சாவடியில் பிறந்தவள். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது, ஆனால் செடியைப் பார்த்தே அதற்கு என்ன குறை என்று சொல்லிவிடுவாள். பதினாறாம் பிளாக்கில் இருபத்தேழு ஆண்டு நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸைச் சுற்றி அவள் போட்ட தோட்டத்தைப் பார்க்க மற்ற பிளாக்குகளிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். புனேயில் வேலை செய்யும் எங்கள் மகள் 2010-இல் ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தாள். பெயர், பதினாறாம் பிளாக் தோட்டம். மூன்று வாரத்தில் என் மனைவி தமிழில் தட்டக் கற்றுக்கொண்டு, மாதத்துக்கு இரண்டு மூன்று என்று எழுத ஆரம்பித்தாள். முருங்கைக்குக் கம்பளிப்பூச்சி, மாடியில் கீரை, மாமரம் காய் உதிர்ப்பது என்று எல்லாம் இது மாதிரிதான்.

ஒவ்வொரு கட்டுரைக்கும் அடியில் ஒரு பெட்டி இருந்தது. முகநூல் கணக்கு வைத்திருப்பவர்கள் அதில் கேள்வி கேட்கலாம், பிடித்திருந்தால் லைக் போடலாம். மகள் அவளுக்கும் அதே தோட்டத்தின் பெயரில் ஒரு முகநூல் கணக்கு திறந்து கொடுத்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மூன்று மணிக்கு உட்காருவாள். ஐந்து மணி வரை கேள்விகளுக்குப் பதில் எழுதுவாள். நெய்வேலியை விட்டு மஸ்கட்டுக்கும் மதுரைக்கும் போய்விட்ட பழைய டவுன்ஷிப்காரர்கள்தான் முதலில் வந்தார்கள். பிறகு எங்களுக்குத் தெரியாதவர்களும் வந்தார்கள்.

நான் எண்ணினேன். ஒரு நோட்டுப் போட்டு, ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, லைக் எத்தனை, வாசகர் எழுதியது எத்தனை, அவள் எழுதிய பதில் எத்தனை என்று எழுதுவேன். அவளுக்கு அது வேடிக்கை.

“என்ன, ஸ்டாக் எடுத்தாச்சா?”

“இந்த வாரம் பதினொன்று கூடியிருக்கிறது.”

“அதுல என்ன எழுதிக்கினு இருக்காங்கன்னு படிச்சீங்களா?”

“எண்ணினேன்.”

“எண்ணிக்கினே இருங்க,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஒரு வாரமா, இரண்டு வாரமா? ஐந்து ஆண்டாக இதே பேச்சு.

2012-இல் நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்வது பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் செய்த தவறு அங்கிருந்துதான் வந்தது. ஓய்வு பெற்றதும் குறித்த நாளுக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, கதவுச் சாவி எத்தனை என்று எண்ணிக் கொடுத்து, மீட்டர் கணக்கை முடித்து, நூலகம், சொசைட்டி, கிளப் என்று ஒவ்வோர் இடத்திலும் பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் அபராத வாடகை. என் பக்கத்து வீட்டுக்காரர் மகளின் பரீட்சைக்காக நான்கு மாதம் கூடுதலாக இருந்துவிட்டு, ஓய்வின்போது வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை அதற்கே கட்டினார். நான் பதினான்கு கையெழுத்தையும் பத்தொன்பது நாளில் வாங்கிவிட்டேன். புதுவீட்டுக்குப் போன பின் பழைய வீட்டின் சாவி கையில் இருப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் குற்றம் செய்த மாதிரி. அது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

வடக்குத்துக்கு வந்த பிறகு அவளிடம் சொன்னேன். நாம் இப்போது பதினாறாம் பிளாக்கில் இல்லை, இணையதளத்தின் பெயர் பொய்யாக நிற்கிறது, மாற்று என்றேன்.

“வூட்ட மாத்துனா பேரையும் மாத்தணுமா? அந்தப் பேருலதான் தேடிக்கினு வர்றாங்க. உட்டுடுங்க.”

விட்டுவிட்டேன். 2015 ஜூலையில் அவள் போய்விட்டாள். சிறுநீரகக் கோளாறு. புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் இருந்தது நாற்பத்தோரு நாள். கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தாள். கண்ணுக்கு ஆகாது என்று நான் போனை வாங்கி வைத்தேன். அந்தப் பதில் முடிந்ததா என்று எனக்குத் தெரியாது.

முதல் வருஷத் திதி வருவதற்குள் அந்தத் தளத்தை அவள் பெயரிலேயே நிறுத்திவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. பிளாக் எண் இல்லாமல், அவள் பெயரே முகவரியாக. அவள் பெயர் எங்கும் பொறிக்கப்பட்டதில்லை. குவார்ட்டர்ஸ் வாசலிலும் என் பெயர், வடக்குத்து வீட்டிலும் என் பெயர்தான். மகளிடம் போனில் சொன்னேன். “அப்பா, நீங்க எதையும் தொடாதீங்க. தீபாவளிக்கு வந்து நானே பார்க்கிறேன்” என்றாள். தீபாவளிக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. திதிக்கோ ஐந்து வாரம்.

டவுன்ஷிப் கடைவீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. நடத்துபவர் நாற்பது வயதுப் பெண்மணி. முன்பு சுரங்க அலுவலகத்தில் கான்ட்ராக்ட்டில் டைப் அடித்தவர், பேச்சில் தயவு தாட்சண்யம் கிடையாது, வேலை சுத்தம். அவரிடம் போனேன். நூற்று அறுபத்து நான்கு கட்டுரைகளையும் அறுநூற்றுப் பதினொரு படங்களையும் இரண்டு வாரத்தில் புது முகவரிக்குக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை.

கடைசி நாளன்று அவர் சொன்னார்.

“சார், பழைய முகவரிய மட்டும் விட்றாதீங்க. லைக்கு, கமென்ட்டு எல்லாம் அந்த முகவரி பேர்லதான் நிக்குது. நாம எடுத்து வெச்சது கட்டுரையும் படமும் மட்டும்தான். இது தானா நடந்து வராது.”

“அப்படியானால் அதெல்லாம் போய்விடுமா?”

“போகாது. பழைய கட்டுரைங்களோட பெட்டியில மட்டும் பழைய முகவரியையே போட்டுத் தரேன், அப்ப எல்லாம் இங்கயும் தெரியும். புதுசா எழுதுறதுக்குப் புது முகவரி. ஆனா பழசு உயிரோட இருக்கணும். வருஷா வருஷம் பணம் கட்டிக்கிட்டு வாங்க. திங்கக்கிழமை வாங்க, உக்காந்து முடிச்சிடலாம். அறுநூறு ரூபா ஆகும்.”

பழைய முகவரிக்கு ஆண்டுக்கு எழுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். சாமான் எல்லாம் வந்தாகிவிட்டது, காலி வீட்டுக்கு எதற்கு வாடகை என்று கேட்டேன்.

“காலி வீடு இல்ல சார் அது,” என்றார்.

அறுநூறு ரூபாய் வேலைக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். தபால் என்றால், குவார்ட்டர்ஸ் மாறியபோது எழுதிக் கொடுத்தோம், பழைய முகவரிக்கு வந்த கடிதங்கள் ஒரு மாதம் வரை புது வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இதுவும் அதுபோல வந்து சேரும் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குவார்ட்டர்ஸ் காலி செய்தபோது போட்டதைப் போலவே ஒரு பட்டியல் போட்டேன். ஒன்பது வரி. ஏழு முடிந்திருந்தது. எட்டாவது வரி, பழைய முகவரியை ஒப்படைப்பது. விற்ற நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய், வேண்டாம், நீக்கிவிடுங்கள் என்று கொடுத்தேன். உறுதியா என்று இரண்டு முறை கேட்டது. உறுதி என்றேன். ஒன்பதாவது வரி, பதினாறாம் பிளாக் பெயரில் இருந்த அவளுடைய முகநூல் கணக்கை மூடுவது. ஆட்கள் பழைய பெயரைப் பார்த்து வழி தவறக் கூடாது அல்லவா? கடவுச்சொல் நோட்டில் இருந்தது. அங்கும் ஏதோ நீளமாக ஓர் அறிவிப்பு வந்தது. படிக்காமல் கீழே போய் சரி என்று அழுத்தினேன். பட்டியலில் ஒன்பது வரிக்கும் எதிரே டிக் போட்டு, நேரத்தை எழுதி, கையெழுத்தும் போட்டேன். பெரிய காரியம் முடித்த திருப்தியில் காபி கலந்து குடித்தேன்.

மாலை ஆறு மணிக்கு நோட்டை எடுத்துப் புது முகவரியில் எண்ண உட்கார்ந்தேன். முதல் பக்கம், லைக் பூஜ்யம், கேள்வி பூஜ்யம், பதில் பூஜ்யம். இரண்டாவது பக்கமும் அப்படியே. நூற்று அறுபத்து நான்கு பக்கங்களையும் திறந்தேன். ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு ஆண்டில் ஒரு நாளும் மொத்த இருப்பு பூஜ்யம் என்று நான் எழுதியதில்லை.

மாறி வர நாள் ஆகும் என்று இருந்தேன். திங்கட்கிழமை சென்டருக்குப் போகவில்லை, அவர் முகத்தில் முழிக்கக் கூச்சம். தினமும் காலையும் மாலையும் திறந்து பார்த்தேன். புதிதாக இரண்டு பேர் லைக் போட்டிருந்தார்கள். ஒருவர் என் மகள். பழையது எதுவும் வரவில்லை. இப்படியே போய், ஜூலை 6, புதன்கிழமை, பொறுக்க முடியாமல் சென்டருக்குப் போனேன்.

அவர் என்னைப் பார்த்ததும், “வாங்க சார், திங்கக்கிழமைன்னா நம்ம ஊர்ல புதன்கிழமையா?” என்றார். நான் செய்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. தம் கணினியில் பழைய முகவரியைத் தட்டிப் பார்த்தார்.

“இது போனாலும் கிடைக்கும் சார். நீக்கின முகவரிய ஒரு மாசம் யாருக்கும் தராம வெச்சிருப்பாங்க. அபராதம் கட்டினா திருப்பித் தருவாங்க.”

அபராதம் என்ற சொல்லே அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றால் நம்புவீர்களா? எவ்வளவு என்றேன். ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. கட்டுகிறேன் என்றேன்.

“அம்மாவோட முகநூல் கணக்கு இருக்குல்ல?”

“அதையும் மூடிவிட்டேன்.”

“எப்போ?”

“அதே நாள். மூன்று ஐம்பத்திரண்டுக்கு.”

அவர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். எண்ண வேண்டியதில்லை, இன்று பதினேழாவது நாள் என்று நான் சொன்னேன். விரலை மடக்கிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“பதினாலு நாள் டைம் குடுப்பாங்க சார். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை உள்ள போயிருந்தா போதும், மூடுறது நின்னு போயிருக்கும். மூடும்போதே எழுதிக் காட்டியிருப்பானே.”

காட்டியிருந்தான். அதுதான் நான் படிக்காமல் கீழே போன அறிவிப்பு.

மூன்று நாள். வாழ்நாளெல்லாம் எண்ணியவன் மூன்று நாளில் தவறவிட்டேன்.

அபராதம் கட்டிய ஐந்தாம் நாள் பழைய முகவரி திரும்பி வந்தது. இடையில் திதி வந்து போய்விட்டது. அன்றைக்கு உறவுக்காரர்களிடம் அவள் பெயரில் தளம் இருக்கிறது என்று சொல்ல நினைத்திருந்தேன். சொல்லவில்லை. எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

சென்டர் அம்மாள் நான்கு மாலை உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டுரையின் பெட்டியிலும் பழைய முகவரியைப் பதித்தார். முதல் பக்கம் முடிந்ததும் திரையை என் பக்கம் திருப்பினார். மல்லிகைக்கு மொட்டுப்புழு வருவது பற்றிய கட்டுரை. கீழே வந்துவிட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினெட்டுக் கேள்விகள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் கவனித்தேன். பதினெட்டும் வாசகர் எழுதியவை மட்டுமே. “அம்மா, வேப்பெண்ணெய் எவ்வளவு கலக்கணும்?” கீழே ஒன்றுமில்லை. “அம்மா, மொட்டு கறுத்துப் போகுது, என்ன செய்ய?” கீழே ஒன்றுமில்லை. அதற்குக் கீழே அதே ஆள், “ரொம்ப நன்றி அம்மா, இப்ப நல்லா பூக்குது.” கணக்கோடு சேர்ந்து அவள் எழுதியது முழுவதும் அழிந்திருந்தது. யாரோ ஒருவர் போனில் பேசுவதை இந்தப் பக்கம் மட்டும் நின்று கேட்பது போல இருந்தது.

நோட்டைப் பார்த்தேன். கடைசியாக எண்ணிய ஞாயிறு, ஜூன் 12. லைக் 9,318. வாசகர் எழுதியது 2,047. அவள் பதில் 1,286. இப்போது எண்ணினேன். வாசகர் எழுதியது 2,047, ஒன்றும் குறையவில்லை. பதில் பூஜ்யம். லைக் 9,154. நூற்று அறுபத்து நான்கு ஏன் குறைகிறது என்று ஒரு இரவும் ஒரு பகலும் யோசித்தேன். கட்டுரைகள் நூற்று அறுபத்து நான்கு. தான் எழுதிய ஒவ்வொன்றுக்கும் அவளே ஒரு லைக் போட்டிருக்கிறாள். எண்ணியவன் நான், நான் ஒன்றுகூடப் போட்டதில்லை.

இதில் என்னை அதிகமாக வாட்டுவது எது என்று சொல்கிறேன். 1,286 என்ற எண் எனக்குத் தலைகீழாகத் தெரியும். எந்த மாதம் அறுபது, எந்த மாதம் ஒன்பது என்றும் சொல்வேன். ஆனால் அந்தப் பதில்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. அவள் என்ன எழுதினாள் என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு ஒரு வரி இல்லை.

சென்டர் அம்மாளிடம் அறுநூறு ரூபாயை நீட்டினேன். வாங்கவில்லை.

“மாடிக் கீரை பக்கத்துல கீழேந்து நாலாவது கேள்விய பாருங்க சார். அது நான் கேட்டது. கடை வாசல்ல வெச்ச ரோஜா பட்டுப் போச்சுன்னு. அம்மா பதில் சொன்னாங்க.”

“என்ன சொன்னாள்?”

“கடைய மூடுறப்போ தண்ணி ஊத்தாத, கடைய தொறக்குறப்போ ஊத்துன்னாங்க. அதோ நிக்குது,” என்று வாசலைக் காட்டினார். எத்தனையோ முறை அந்தத் தொட்டியைத் தாண்டி உள்ளே போயிருக்கிறேன். ஐந்து பூ இருந்தது.

அன்றைக்கே புது முகவரியின் முதல் பக்கத்தில் ஓர் அறிவிப்பு போடச் சொன்னேன். அம்மா எழுதிய பதில் யாரிடமாவது இருந்தால், படமெடுத்து வைத்திருந்தால், எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து அனுப்புங்கள் என்று கேட்டு, என் வீட்டு முகவரியும் கொடுத்தேன். சென்டர் அம்மாள் வாயால் சொன்னதையும் சேர்த்து, அடுத்த ஆறு மாதத்தில் இருபத்து மூன்று சேர்ந்தன. மஸ்கட்டிலிருந்து ஒருவர், தன் போனில் படமெடுத்து வைத்திருந்த பதிலை அனுப்பினார். கறிவேப்பிலை வளரவே மாட்டேன் என்கிறது, தினமும் பார்த்துப் பார்த்து நிற்கிறேன் என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் எழுதியது இது. “தண்ணி ஊத்திட்டு உள்ள போயிடுங்க தம்பி. எங்க வீட்டுக்காரர் மாதிரி பக்கத்துலயே நின்னுக்கினு இலைய எண்ணாதீங்க. செடி கூச்சப்படும்.”

அதை எத்தனை முறை படித்தேன் என்று மட்டும் எண்ணவில்லை.

மறு வருஷம் தை கடைசியில் ஒரு நாள் காலை, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கையில் பை. டவுன்ஷிப் பூங்காவில் கான்ட்ராக்ட்டில் வேலை செய்கிறாள், சொந்த ஊர் வளையமாதேவிப் பக்கம். அறிவிப்பைத் தங்கை போனில் பார்த்தாளாம்.

“எங்கிட்ட எழுதி ஒண்ணும் இல்லீங்க ஐயா. வாயால சொல்லலாமுங்களா?”

உட்காரச் சொன்னேன். தங்கையின் கணக்கிலிருந்துதான் கேட்டாளாம், அந்தப் பெயரைச் சொன்னாள். அவள் கேட்ட கேள்வி எனக்குத் தெரியும். திரும்பி வந்த கேள்விகளையெல்லாம் நான் அதற்குள் படித்து முடித்திருந்தேன். எங்க நிலத்தை சுரங்கத்துக்கு எடுத்துக்கினாங்க, எங்க அப்பா வெச்ச எலுமிச்சை ஒண்ணு இருக்குது, ஆறு வருஷ மரம், அதைப் பேர்த்துக்கினு போயி வேற எடத்துல வெக்க முடியுமா அம்மா என்று 2014-இல் கேட்டிருந்தாள். கீழே பதில் இல்லை. அதற்குக் கீழே பதினோரு மாதம் கழித்து, “புடிச்சிக்கிச்சி அம்மா” என்று இரண்டே சொல்.

“என்ன சொன்னாள் அம்மா?”

அவள் பாடம் ஒப்பிப்பது போல, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். “அவசரப்பட்டு ஒரே நாள்ல தோண்டாதன்னாங்க. ஒரு பக்கம் வேரு அறுத்து மண்ண தள்ளிட்டு ஒரு மாசம் உடு. அப்புறம் இன்னொரு பக்கம். தூக்கும்போது வேர அலசிக் கிலசி வெச்சிராத, பழைய மண்ணோட ஈரச் சாக்குல கட்டித் தூக்கு. நாலு கூடை பழைய மண்ணு தனியா எடுத்துக்கினு போயி புதுக் குழியில போடு. முக்கியமா, புது எடத்துல மரம் புடிச்சிக்கிச்சின்னு தெரியற வரைக்கும் பழைய குழிய மூடாத, இன்னும் மண்ணு தேவப்படும்னாங்க.”

 அவள் தொடர்ந்தாள்.

“மூணு வாட்டி சைக்கிள்ல போயி மண்ணு எடுத்தாந்தேங்க. நாலாவது வாட்டி போவும்போது மிஷினு வந்துடுச்சி. அதுக்குள்ள தளிர் உட்டுடுச்சி.” பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். “ஐயா சுரங்கத்துலதான வேல பாத்தீங்க?”

“ஸ்டோர்ஸில்.”

“உங்க ஆளுங்க நெலத்த எடுத்தாங்க. உங்க வூட்டம்மா மரத்த எடுத்துக்கச் சொன்னாங்க,” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது நடந்த விஷயம், அவ்வளவுதான். பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து மேசையில் வைத்தாள். “அம்மாவுக்குன்னு புது எடத்து மொத காய்ப்புலயே குடுக்கணும்னு இருந்தேங்க. எந்த வூடுன்னு தெரியல. பதினாறாம் பிளாக்குக்கு ரெண்டு வாட்டி போயித் தேடிட்டு வந்தேன்.”

அவள் போன பிறகு நோட்டை எடுத்து, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். அது இருபத்து நான்காவது. மீதி ஆயிரத்து இருநூற்று அறுபத்திரண்டு. பழங்களை எண்ணவில்லை. பிழிந்து குடிக்கவும் மனம் வரவில்லை, மேசையிலேயே காய்ந்து போயின.

அதற்குப் பிறகு தளத்தை மறுபடி பழைய பெயருக்கே மாற்றிவிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். ஒருமுறை மாற்றியதே போதும். இரண்டு முகவரிக்கும் பணம் கட்டி வருகிறேன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு இப்போதும் உட்காருகிறேன், ஆனால் எண்ணுவதில்லை, ஒரு பக்கத்தைத் திறந்து அதில் இருக்கும் கேள்விகளைப் படிக்கிறேன். சிலவற்றுக்கு அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று கீழே வரும் நன்றியிலிருந்து ஊகித்துப் பார்க்கிறேன். வேப்பெண்ணெய் எவ்வளவு என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை. இன்றும் யாராவது தெரியாமல் வந்து “அம்மா” என்று ஆரம்பித்து ஏதாவது கேட்கிறார்கள். அவளிடம் தோட்டத்தைப் பற்றி இருபத்தேழு ஆண்டில் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை என்பது அப்போது நினைவுக்கு வரும்.

முகவரியை மீட்ட அபராதம் ஆறாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு, ஆண்டுக் கட்டணம் எழுநூற்று நாற்பத்தொன்பது. அந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்கு நான் கொடுத்தது மொத்தம் ஏழாயிரத்து இருநூற்று முப்பத்தொன்பது ரூபாய், அதற்கு எனக்குத் திரும்பக் கிடைத்தவை கேள்விகள் மட்டும்தான்.